இரண்டு முறை காய்ந்தது

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 'பிஸ்கட்' என்ற சொல்லுக்கு எங்கள் வாத்தியார் சொன்ன பொருள் இன்னும் மறக்கவில்லை. 'பிஸ்' என்றால் இரண்டு முறை, 'க்யுயி' என்றால் வெந்தது. ஒரு தடவை சுட்டு, மறுபடி அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கினால் கப்பல் பயணத்துக்குக் கெடாமல் இருக்குமாம்.

ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான கல்லிடைக்குறிச்சியில் குடியேறிய பிறகு அந்தச் சொல் அடிக்கடி ஞாபகம் வருகிறது. தாமிரபரணிக் கரையில் எதையும் ஒரே விதமாகக் காயவைப்பதில்லை. எங்கள் ஊர் அப்பளத்தையே பாருங்கள். இளவெயிலில் சற்று நேரம் காட்டிவிட்டு நிழலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். உச்சி வெயிலில் விட்டால் ஓரம் சுருண்டு நொறுங்கும். காருக்குறிச்சி மண்பானைக்கு முதலில் நிழல், பிறகு வெயில், கடைசியில் சூளை. வரிசை மாறினால் பானை வெடிக்கும்.

காரணம் ஒன்றுதான். மேலே உள்ள ஈரம் சீக்கிரம் போய்விடும். உள்ளே இருப்பது மெதுவாகத்தான் வெளியே வரும். அவசரப்படுத்தினால் மேல்புறம் மட்டும் சுருங்கி விரிசல் விழும்.

நெல்லும் அப்படித்தான். 1970களில், கல்யாணமான புதிதில் பார்த்தது. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே இருப்பார். முக்கால்வாசி காய்ந்ததும், வெயில் இருக்கும்போதே குவித்துச் சாக்கால் மூடிவிட்டார்.

"வெயில் வீணாப் போகுதே அத்தை?"

"நெல்லு கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் மாப்பிளே. இல்லேன்னா மில்லுல குருணைதான் வரும்."

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்து சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. புழுங்கல் நெல்லின் ஈரம் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்வரை பயமில்லை. அதற்குக் கீழே ஒரே மூச்சில் உலர்த்தினால்தான் அரிசி உடைகிறது. நடுவில் சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு 14க்குக் கொண்டுவர வேண்டும்.

பிசான அறுப்புக்கு வெயில் கைகொடுக்கும். கார் அறுப்பு அப்படியல்ல, புரட்டாசி ஐப்பசியில் மழையும் சேர்ந்துகொள்ளும். போன வருடம் என் மைத்துனர் சாலையோரம் கொட்டிய நெல்லைத் தார்ப்பாயால் மூடுவதும் திறப்பதுமாக ஆறு நாள் காத்துக்கிடந்தார். அரசுக் கொள்முதலுக்கு ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்று தடவை மீட்டர் வைத்தும் இறங்கவில்லை. கடைசியில் வியாபாரி கேட்ட விலைக்கே போட்டார். பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போனது.

உமியை எரித்துச் சூடான காற்றைச் செலுத்தும் உலர்த்தி அரிசி ஆலைகளில் உண்டு. மிஷினில் போட்டால் நெல் கெட்டுவிடும் என்பார் சிலர். வெயிலை நம்பியது போதும் என்பார் சிலர். ஏன் இரண்டில் ஒன்று? மழைநாளில் முதல் ஈரத்தை மிதமான சூட்டில் மிஷின் எடுக்கட்டும். நெல் சிறிது நேரம் ஆறட்டும். மிச்சத்தை, மழைக்கு நடுவே எட்டிப்பார்க்கும் வெயில் பார்த்துக்கொள்ளும்.

முப்பது வருடத்துக்கு மேல் பிறர் மனுக்களுக்குக் கோப்பு எழுதியவன் நான். கொள்முதல் நிலையத்துக்குப் பொதுவாக ஓர் உலர்த்தி வேண்டும் என்று இப்போது மைத்துனருக்காக மனு எழுதி வைத்திருக்கிறேன். ஐப்பசிக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போட விரும்பும் விவசாயிகள் வீட்டுக்கு வாருங்கள். காபியும் உண்டு, பிஸ்கட்டும் உண்டு.