வாலின் நீளம்: ஓர் அறுவையின் நாட்குறிப்பு

அறுவைக்கு ஒரு வாரம் முன்

நாயின் உடலில் எளிதில் ஆறாத புண்களுள் ஒன்று வால் நுனிப் புண். நீண்ட வாலும் குட்டை மயிரும் கொண்ட பெரிய நாய்கள், மகிழ்ச்சி மிகும்போதெல்லாம் சுவரிலும் கதவு நிலையிலும் கூண்டுக் கம்பியிலும் வாலை அடித்துக்கொள்வதால் இப்புண் உண்டாகிறது. லாப்ரடார், கிரேட் டேன், கிரேஹவுண்ட் ஆகிய இனங்களில் இது அடிக்கடி காணப்படுகிறது. வால் நுனியில் தோலுக்கும் எலும்புக்கும் இடையே மெத்தையாக அமையத்தக்க தசையோ கொழுப்போ அநேகமாக இல்லை. அங்குள்ள இரத்தக் குழாய்களும் நுண்ணியவை. எனவே ஒருமுறை தோல் பிளந்துவிட்டால், மூடிவரும் பொருக்கை அடுத்த வாலாட்டலே உதறிவிடுகிறது. சுவரெங்கும் இரத்தம் தெறிக்கிறது. நாய் நக்கி நக்கிப் புண்ணை அகலப்படுத்துகிறது.

இக்குறிப்புகள், அத்தகைய புண்ணுடன் சிகிச்சைக்கு வரும் ஐந்து வயதான, 30 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடாரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, நோய் அறிவதிலிருந்து தழும்பு முதிர்வது வரையிலான போக்கைத் தொடர்கின்றன. வாகனத்தில் அடிபட்டு வாலின் தோல் முழுதும் உரிந்துவிடுதல், வாலில் கட்டி தோன்றுதல், சுருள்வால் கொண்ட புல்டாக் இனத்தில் வாலடி மடிப்பினுள் ஓயாமல் சீழ் பிடித்தல் ஆகியவையும் வாலை நீக்க வேண்டிய காரணங்களே. ஆயினும் எந்தக் காரணமாயினும் முதலில் வருவது கத்தியன்று. பஞ்சு வைத்த இலேசான கட்டும், அதன்மேல் காற்றுப் போக ஓட்டைகள் இட்ட நுரைக்குழாயோ, அடிப்பகுதி வெட்டிய பெரிய ஊசிக்குழலோ உறையாக மாட்டிவிடுவதும் பல வால்களைக் காப்பாற்றியுள்ளன. சில வாரங்கள் இவற்றை முறையாகச் செய்தும் புண் மூடாதபோது, அல்லது எக்ஸ்ரே படத்தில் நுனி எலும்பு அரிக்கப்பட்டுத் தொற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது தெரியும்போது, அறுவையைத் தள்ளிப்போடுவது நாய்க்குச் செய்யும் நன்மையாகாது.

மூன்று நாள் முன்

எந்த இடத்தில் வெட்டுவது என்பதே இவ்வறுவையின் தலையாய முடிவு. வெட்டும் திறனைவிட இதுவே விளைவைத் தீர்மானிக்கிறது. நாயின் வாலில் பெரும்பாலும் 20 அளவிலான முள்ளெலும்புகள் உள்ளன. அடிவாலில் இவை தடித்தும் நுனியை நோக்கிச் சிறுத்தும், இறுதியில் வெறும் உருளைத் துண்டுகளாகவும் அமைகின்றன. வால் ஒரு சாட்டையைப் போன்றது. நீளம் கூடக்கூட நுனியின் வேகமும் அடியின் வலிமையும் கூடுகின்றன. ஆகவே, வாலின் அழகைக் காக்க விரும்பிப் புண்ணுக்குச் சற்று மேலே மட்டும் வெட்டினால், எஞ்சிய வால் மீண்டும் அதே சுவரை எட்டுகிறது. புதிய நுனியில் அதே புண் தோன்றுகிறது. இரண்டாம் அறுவையும் தேவைப்படுகிறது. வளர்ப்பவர் மனம் வருந்துவார் என்று எண்ணி மருத்துவர் இவ்விடத்தில் இரக்கம் காட்டுவது, அந்நாய் இருமுறை மயக்கத்துக்கு உள்ளாவதில் முடியக்கூடும். குதத்தையும், பெண் நாயாயின் பிறப்புறுப்பையும் மறைக்கும் அளவுக்கு மட்டும் நீண்ட குட்டை வாலை விடுவதே இவ்வகைப் புண்ணுக்குப் பொருத்தமானது. கட்டிக்காகச் செய்யும் அறுவையில் அளவுகோல் வேறு: கட்டியைச் சுற்றி நலமான திசு போதிய அளவு சேர்ந்து வரவேண்டும், அதற்குச் சில வேளைகளில் வாலை அடியோடு நீக்க வேண்டியிருக்கும்.

அடிபட்ட வாலானால், குதத்தைச் சுற்றிய தோலைத் தொட்டால் அது சுருங்குகிறதா, நாய் தானாகச் சிறுநீர் கழிக்கிறதா என்பவற்றை அறுவைக்கு முன்பே சோதித்து எழுதிவைத்தல் வேண்டும். வால் வலுவாக இழுபட்டிருந்தால், சிறுநீர்ப்பைக்கும் குதச் சுருக்குத் தசைக்கும் செல்லும் நரம்புகள் வேரிலேயே அறுந்திருக்கலாம். அக்குறையை அறுவை உண்டாக்கவுமில்லை, அறுவையால் தீரப்போவதுமில்லை என்பது முன்னமே தெரிந்திருக்க வேண்டும்.

முந்திய நாள்

இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் பார்க்கப்படுவது வழக்கம். தமிழ்நாடு போன்ற வெப்பப் பகுதிகளில் அவற்றோடு இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் தவறாமல் பார்க்க வேண்டும். ஏனெனில் உண்ணி வழியாகப் பரவும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர், வெளியே நலமாகத் தோன்றும் நாயிலும் தட்டணுக்களைக் குறைத்துவிடுகிறது. தட்டணு குறைந்த நாயில் சிறு குழாயும் நெடுநேரம் ஒழுகும். இரவு உணவுக்குப்பின் நாய் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும். தண்ணீர் காலைவரை தரலாம்.

அறுவை நாள், காலை

மயக்கத்துக்கு முன் அமைதிப்படுத்தும் மருந்தும் வலிநீக்கியும் தரப்படுகின்றன. பின்னர் புரோபோபால் சிரையூசியால் நாய் உறங்க, மூச்சுக்குழாயில் குழல் செலுத்தி ஐசோஃப்ளூரேன் வாயுவால் அவ்வுறக்கம் நீட்டிக்கப்படுகிறது. இதனோடு வாலடியில் திருவெலும்பும் முதல் வால் முள்ளெலும்பும் சேரும் இடைவெளியில் மெல்லிய ஊசி செலுத்தி மரப்பு மருந்து ஏற்றுவது மிகப் பயனுள்ள செயலாகும். நாயின் தண்டுவடம் இடுப்பு முள்ளெலும்புகளின் பிற்பகுதியிலேயே முடிந்துவிடுவதால், அவ்விடைவெளியில் தண்டுவடம் இல்லை, நரம்பு வேர்கள் மட்டுமே உள்ளன; ஆகவே ஊசி தண்டுவடத்தைத் தைக்கும் அச்சமில்லை. பியூபிவக்கைன் மருந்தானால் அறுவை முடிந்த பின்பும் சில மணி நேரம் வால் உணர்வற்றிருக்கும். நாய் விழித்தெழும் முதல் பொழுதில் வலி அதனை வரவேற்பதில்லை. வலியுடன் விழிக்கும் நாயே வாலைத் திரும்பித் திரும்பிக் கடிக்கிறது என்பதால், இவ்வூசியை விருப்பத்துக்குரிய ஒன்றாகக் கருதலாகாது.

தோலில் கத்தி படுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்குள், கிலோவுக்கு 22 மில்லிகிராம் வீதம் செஃபசோலின் சிரையில் செலுத்தப்படுகிறது. தொற்றில்லாத வாலுக்கு இவ்வொரு வேளையே போதும். எலும்பில் சீழ் பிடித்திருந்தால் மட்டும், நுண்ணுயிர் வளர்ப்புச் சோதனையின் முடிவைக் கொண்டு மருந்து தொடரப்படும்.

அறுவை நாள், முற்பகல்

வாலின் மயிர் அடிவரை மழிக்கப்பட்டு, தோல் குளோர்ஹெக்சிடினால் துடைக்கப்படுகிறது. புண்ணுள்ள நுனி, கிருமி நீக்கிய உறைக்குள் பொதியப்பட்டு அறுவைப் பரப்பிலிருந்து விலக்கப்படுகிறது. அடிவாலுக்கு அருகே வெட்டுவதாயின், மலம் கசியாதிருக்கக் குதத்தைச் சுற்றிச் சுருக்குத் தையல் ஒன்று இடப்படுகிறது. அறுவை முடிந்ததும் அதனைப் பிரிக்க வேண்டும் என்பதை அறுவைக்கூடத்தின் பலகையில் பெரிதாக எழுதிவைத்தல் நல்லது. மறந்துபோன சுருக்குத் தையல் நாயைப் பெருந்துன்பத்தில் ஆழ்த்தும்.

அடுத்து, வாலின் தோல் முழுதும் அடியை நோக்கி இழுத்துத் தள்ளப்பட்டு, அதன்மேல் இரத்தத் தடைக்கட்டு, அதாவது இரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தும் இறுக்கக் கட்டு, போடப்படுகிறது. தோலை முன்கூட்டியே பின்னுக்குத் தள்ளுவது சிறு செயலாகத் தோன்றினும், இறுதியில் எலும்பின்மேல் தளர்வாக மூடுவதற்கான தோல் இதனால்தான் மிஞ்சுகிறது.

வால் மூட்டு எங்குள்ளது என்பதை வாலை மேலும் கீழும் மடக்கி விரலால் உணர்ந்து அறியலாம். தேர்ந்த மூட்டுக்கு நுனிப்பக்கமாக விலகி, மேற்பக்கத் தோலில் ஒன்றும் கீழ்ப்பக்கத் தோலில் ஒன்றுமாக, இரு நாக்கு வடிவ மடல்கள் அமையும்படி கீறல் செய்யப்படுகிறது. இம்மடல்கள் எஞ்சப்போகும் எலும்பைவிடத் தெளிவாக நீண்டிருத்தல் வேண்டும். மிகுந்த தோலைப் பின்னர் நறுக்கிச் சீராக்கலாம், குறைந்த தோலை எங்கிருந்தும் கொண்டுவர இயலாது. மேல்மடலைச் சற்றே நீளமாக விட்டால், தையல் வரிசை வாலின் நுனியில் அமையாமல் கீழ்ப்பக்கம் இறங்கிவிடும். நாய் பின்னொருநாள் வாலை எதிலேனும் இடித்தாலும் அடி நலமான தோலின்மேல் விழுமேயன்றித் தழும்பின்மேல் விழாது.

தோலை விலக்கியதும் இரத்தக் குழாய்களைத் தேட வேண்டும். வாலின் பெருந்தமனி முள்ளெலும்புகளின் கீழ்ப்பக்கத்தில் நடுக்கோட்டில் ஓடுகிறது. வாலின் முற்பகுதியில் சில முள்ளெலும்புகளுக்குக் கீழே சிறு எலும்பு வளைவுகள் இத்தமனியைக் காக்கின்றன. இருபுறமும் பக்கத் தமனிகளும் அவற்றோடு சிரைகளும் செல்கின்றன. இவை அனைத்தையும் வெட்டுமிடத்துக்குச் சற்று அடிப்பக்கமாகக் கரையும் நூலால் கட்டியபின், மூட்டைச் சுற்றியுள்ள தசைநாண்கள் அறுக்கப்பட்டு, கத்தி இரு முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டின் வழியாகச் செலுத்தப்படுகிறது. வட்டு என்பது எலும்புகளுக்கு இடையே உள்ள நாருறைந்த மென்திசு. கத்திக்கு அது எளிதில் வழிவிடுகிறது. எலும்பையே குறுக்கே வெட்டும் பழக்கம் தவிர்க்கத்தக்கது. வெட்டுண்ட எலும்பின் கூர்முனை உள்ளிருந்தே தோலைத் துளைக்கும்.

தடைக்கட்டைத் தளர்த்தி இரத்தம் எங்கும் ஊறவில்லை என்பதை உறுதி செய்த பின்னரே மூடல் தொடங்குகிறது. தோலடித் திசுவும் எஞ்சிய தசையும் எலும்பு முனையின்மேல் கரையும் நூலால் ஒன்றுசேர்க்கப்பட்டு மெத்தையாக்கப்படுகின்றன. அதன்மேல் தோல் மடல்கள் நைலான் நூலால் தனித்தனித் தையல்களாக இணைக்கப்படுகின்றன. தைக்கும்போது தோல் வெளுத்தாலோ இழுபட்டாலோ, அத்தையல் பிரிந்துவிடும் என்று அப்போதே கொள்ளலாம். இன்னும் ஒரு முள்ளெலும்பை நீக்கித் தோலைத் தளர்த்துவதே அந்நிலையில் செய்யத்தக்கது.

வாலை அடியோடு நீக்கும்போது பணி கடினமாகிறது. குதத்தைத் தாங்கும் தசைகளும், மலக்குடலை வாலோடு பிணைக்கும் தசையும் வால் முள்ளெலும்புகளில் பற்றியிருப்பதால், அவற்றை எலும்பையொட்டியே கவனமாகப் பிரிக்க வேண்டும். எலும்பைவிட்டு விலகிச் செல்லும் கத்தி மலக்குடலையோ குதத்தின் நரம்பையோ தீண்டக்கூடும்.

நீக்கிய வாலில் கட்டி இருந்தால் அது குப்பைக்குரியதன்று; பத்து மடங்கு பார்மலின் கரைசலில் இட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்பப்பட வேண்டும்.

இரண்டாம் நாள்

இந்நாள் முதல் பணி மருத்துவரிடமிருந்து வீட்டாரிடம் மாறுகிறது. மெலாக்சிகம் முதல் வேளை கிலோவுக்கு 0.2 மில்லிகிராமும், பின்னர் நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராமும், உணவோடு மட்டும் தரப்படுகிறது. 30 கிலோ நாய்க்கு நாளுக்கு 3 மில்லிகிராம் ஆகிறது. நாய் உண்ண மறுத்தாலோ வாந்தி எடுத்தாலோ மருந்தை நிறுத்தி மருத்துவரைக் கேட்க வேண்டும். வீட்டிலுள்ள மனித மாத்திரைகளைப் பாதியாக உடைத்துத் தருவது பெருந்தீங்கு: ஐபுபுரோஃபென் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது, பாராசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலைத் தாக்குகிறது.

கழுத்தில் மாட்டும் கூம்புப் பட்டை நாய்க்குப் பிடிக்காது. அதன் முகத்தைப் பார்த்து வீட்டாருக்கும் மனம் பொறுக்காது. ஆயினும் அதனை உண்ணும்போதன்றிக் கழற்றலாகாது. நாய் ஒரு தையல் வரிசையைக் கடித்துப் பிரிக்கச் சில நிமிடங்களே போதும்.

இவற்றையெல்லாம்விடக் கடினமானது நாயை மகிழ்விக்காமல் இருப்பது. வேலையிலிருந்து திரும்புபவர் வாயிலில் நின்று பெயர் சொல்லி அழைத்தால், எஞ்சிய குட்டை வால் முழு வலிமையோடு ஆடும். ஆகவே இருவாரங்களுக்கு வீட்டார் அமைதியாக நுழைந்து, நாயிடம் தாழ்ந்த குரலில் பேசி, அது படுத்திருக்கும் இடத்திலேயே அதனைத் தடவிக்கொடுக்க வேண்டும். அன்பு குறைந்துவிட்டதோ என்று அது கலங்காதிருக்க அருகில் அமர்ந்திருத்தல் நல்ல வழி.

நான்காம் நாள்

கட்டுப் போட்டிருந்தால் அது இலேசாக இருக்க வேண்டும். வாலைச் சுற்றி இறுக்கிய ஒட்டுப்பட்டை இரத்த ஓட்டத்தையே தடுத்து, காப்பாற்றிய வாலையும் அழுகச் செய்யும். நுனி குளிர்ந்தோ கருநீலமாகவோ தென்பட்டால் கட்டை உடனே தளர்த்த வேண்டும். நனைந்த கட்டும் மலம் பட்ட கட்டும் அன்றே மாற்றத்தக்கவை. சிறு வீக்கமும் இளஞ்சிவப்பும் இந்நாள்களில் இயல்பு; நாற்றமும் மஞ்சள் கசிவும் இயல்பல்ல.

வெப்ப நாடுகளில் ஈக்கள் தனி அச்சுறுத்தல். திருகுப்புழு ஈ என்னும் இனம் புண்ணின் விளிம்பில் முட்டையிட, ஒருநாளுக்குள் வெளிவரும் புழுக்கள் உயிருள்ள திசுவையே துளைத்துத் தின்கின்றன. இந்நாய் இருவாரம் வீட்டுக்குள் ஈ புகாத இடத்தில் படுக்க வேண்டும். தெருநாய்க்கு இவ்வறுவை செய்வோர், தையல் பிரிக்கும்வரை அதனைக் காப்பகத்தில் வைத்திருக்க இயலுமா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். அறுவை செய்த அன்றே தெருவில் விடப்படும் நாயின் வால் புழு வைப்பதற்கு நெடுநாள் ஆகாது.

ஏழாம் நாள்

நோய்க்காக வாலை நீக்குவதையும் தோற்றத்துக்காக வாலை வெட்டுவதையும் ஒன்றாகக் கருதும் வழக்கம் இன்னும் மறையவில்லை. டாபர்மேன், ராட்வைலர், பாக்சர் குட்டிகளின் வாலை, பிறந்த சில நாள்களிலேயே, பெரும்பாலும் மயக்க மருந்தின்றி வெட்டிவிடுவோர், பின்னாளில் வால் காயம் வராதிருக்கவே அவ்வாறு செய்வதாகக் காரணம் கூறுவர். பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆய்ந்து 2010இல் வெளியான ஆய்வு, வால் காயத்தோடு வந்தவை 0.23 விழுக்காடு மட்டுமே என்றும், ஒரு காயத்தைத் தடுக்க ஏறத்தாழ 500 குட்டிகளின் வாலை வெட்ட வேண்டியிருக்கும் என்றும் காட்டியது. 499 குட்டிகள் வீணாக அனுபவிக்கும் வலிக்கு அக்காரணம் ஈடாகாது.

வால் நாயின் மொழிக்குரிய உறுப்பாகும். 2007இல் இத்தாலிய ஆய்வாளர்கள், வளர்ப்பவரைக் காணும் நாயின் வால் வலப்பக்கம் மிகுதியாகவும், அயலான வலிய நாயைக் காண்கையில் இடப்பக்கம் மிகுதியாகவும் ஆடுவதைப் பதிவு செய்தனர். குட்டை வாலில் அச்செய்தி மங்கிப்போகிறது. அறுவை முடிந்த நாயைப் பிற நாய்களோடு மீண்டும் சேர்க்கும்போது, முதல் சில சந்திப்புகள் கண்காணிப்பில் நடப்பது இக்காரணத்தால் விரும்பத்தக்கது.

பன்னிரண்டாம் நாள்

பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தையல் பிரிக்கப்படுகிறது. விளிம்புகள் ஒட்டி, வறண்டு, தொட்டால் நாய் திரும்பிப் பார்க்காதிருந்தால் ஆறுதல் சரியாக நடந்துள்ளது. ஆயினும் மூன்றாம் வார இறுதியில்கூடத் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே குளியலையும் ஓட்டத்தையும் இன்னும் ஒரு வாரம் தள்ளிவைக்க வேண்டும்.

மூன்றாம் மாதம்

மயிர் வளர்ந்து தழும்பு மறைந்திருக்கும். அரிதாகச் சில நாய்கள், வெளியே புண் ஏதும் இல்லாதபோதும், வால் முனையை ஓயாமல் கடிக்கும், உட்கார்ந்தவுடன் துள்ளி எழும், முனையைத் தொட்டால் அலறும். வெட்டுண்ட நரம்பின் முனை தாறுமாறாக வளர்ந்து முடிச்சாகிவிடுவதே இதன் காரணம். நரம்புக் கழலை எனப்படும் இது கெட்ட பழக்கமன்று, வலிநோய். காபாபென்டின் போன்ற நரம்பு வலி மருந்து சில நாய்களுக்கு உதவுகிறது. அதில் அடங்காதபோது, முடிச்சோடு வால் முனையைச் சிறிதளவு மீண்டும் வெட்டி எடுத்து, திசு ஆய்வால் அதனை உறுதி செய்ய வேண்டும்.