வலம்புரியும் இடம்புரியும்

எங்கள் கரியமாணிக்கத்தில் வைக்கோல் பிரி திரிக்கிறவருக்கு ஒரு பக்கம்தான் கை வரும். அவர் திரித்த பிரியைத் தலைகீழாகப் பிடித்தாலும் முறுக்கு மாறாது; வலம் வலமாகவே இருக்கும். நம்பாதவர்கள் வீட்டுக் கொடிக் கயிற்றைத் திருப்பிப் பார்க்கலாம். (நாம் வலம்புரி என்று பூஜிக்கிற சங்கை விலங்கியல்காரர்கள் இடச்சுழி என்பார்கள். அந்த வழக்கு வேறு.)

சமீபத்தில் என் அண்ணன் மகள் பரீட்சையில் டி.என்.ஏ. படத்தை இடப்புறமாக முறுக்கிவிட்டாள். இரண்டு மார்க் போயிற்று.

"ஏன் சித்தப்பா, இடது பக்கம் முறுக்கினா உசுரு நிக்காதா?" என்றாள்.

காலேஜில் இரண்டு வருஷத்தோடு நின்றவன் நான். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை; தேடிப் படித்தேன்.

1953இல் வாட்ஸனும் கிரிக்கும் சொன்ன முறுக்கேணி வலம்புரி. அதற்கு முன்பே லண்டனில் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், ஒரே இழை ஈரத்தில் ஒரு வடிவும் உலர்ந்தால் வேறு வடிவும் எடுப்பதை எக்ஸ்ரே படங்களில் பிரித்துக் காட்டியிருந்தார். உலர்ந்தது ஏ, குட்டை, பருமன், சுற்றுக்குச் சுமார் 11 படிகள். ஈரமானது பி, சுற்றுக்குப் பத்துச் சொச்சம். கிணற்றுக் கயிறு நனைந்தால் சுருங்கும். இது நனைந்தால் நீள்கிறது!

இரண்டும் வலம்தான். இடம் கூடாதா என்று கேட்டவர்களில் ஒருவர் வி. சசிசேகரன். சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனின் சீடர். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காமல் புரதச் சங்கிலி எப்படியெல்லாம் திரும்பலாம் என்று 1963இல் கணக்கிட்டுக் காட்டிய மூவரில் ஒருவர். அதே போன்ற கணக்கைப் பின்னாளில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டி.என்.ஏ.வுக்கும் போட்டார். இடமும் பொருந்தியது. 1970களின் பிற்பகுதியில் அவர் குழு, வலமும் இடமும் மாறி மாறி வரும் ஏணியை முன்வைத்தது. அதில் இரண்டு புரிகளும் பின்னிக்கொள்வதில்லை. ஆகவே பிரிப்பது சுலபம். சிக்கல் விழுந்த கயிற்றோடு மல்லாடியவர்களுக்கு அதன் அருமை புரியும்.

பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1979இல் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் ரிச் குழு ஆறு படிகள் கொண்ட சிறு துண்டைப் படிகமாக்கிப் பார்த்தது. முழுக்க இடம்புரி! முதுகெலும்பு கோணல்மாணலாக ஓடியதால் இஸட் என்று பெயர். அடுத்த வருஷமே டிக்கர்ஸன் குழுவின் பன்னிரண்டு படித் துண்டு வலம்புரியாக நின்றது. சசிசேகரனின் கலப்பு ஏணி நிலைக்கவில்லை. பின்னிய புரிகளை வெட்டி, விலக்கி, மறுபடி ஒட்ட உயிரணுவில் நொதிகளே இருக்கின்றன. ஆனால் இடம்புரி சாத்தியம் என்று அவர் கேட்டது வீண் கேள்வி அல்ல. இஸட் வடிவுக்கு இரண்டு வரி ஒதுக்கும் பாடப்புத்தகம் அவருக்கு அரை வரி தந்தால் என்ன குறைந்துவிடும்?

நம் உடம்பிலும் இந்த இடம்புரியை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்கள் உண்டு. ஒன்றின் பெயர் ஏடார்-1. இன்னொன்று, வைரஸ் புகுந்த உயிரணுவைச் சாகச் சொல்கிறது. இதையெல்லாம் அண்ணன் மகளுக்குச் சொன்னேன். "அப்ப அந்த ரெண்டு மார்க்?" என்றாள்.