பெயரை எங்கே பிரிப்பது? விருதுநகர் முதல் வெம்பக்கோட்டை வரை ஒரு பயணம்

விருதுநகருக்குச் சாயங்காலம் வந்து சேர்பவர்கள் முதலில் தேடுவது எண்ணெய் புரோட்டாவைத்தான். தட்டில் மொறுமொறுவென்று அது வந்து விழுந்ததும் யாரும் இலக்கணம் யோசிப்பதில்லை. ஆனால், அந்தத் தட்டிலேயே ஒரு விடுகதை இருக்கிறது. எண்ணெய் என்ற சொல்லைப் பிரித்தால் எள் + நெய். எள்ளிலிருந்து எடுத்த நெய்க்கு மட்டும் இருந்த பெயர் அது. ஒட்டு மறந்துபோனதால் தேங்காய், கடலை, ஆமணக்கு எல்லாவற்றிலும் எண்ணெய் எடுக்கிறோம்!

எண்ணெய் வியாபாரத்துக்குப் பெயர்போன ஊரிலிருந்து பட்டாசு மண்ணுக்குப் போகும் வழியெல்லாம் இப்படி ஒட்டிய பெயர்கள்தான். எங்கே பிரிக்க வேண்டும் என்று தெரிந்தால் ஊரின் கதை தெரியும். தவறான இடத்தில் பிரித்தால் கதையும் மாறிவிடும், உச்சரிப்பும் மாறிவிடும்.

ரயிலுக்கு இன்னும் விருதுபட்டிதான்

விருதுகளைத் தாங்கிக்கொண்டு ஊர் ஊராகச் சவால் விட்டு வந்த ஒரு வீரனை இந்த ஊர்க்காரர் ஒருவர் வென்று, அவனுடைய விருதுகளை வெட்டி வீழ்த்தினாராம். அதனால் விருது + வெட்டி. அதுவே நாளடைவில் விருதுபட்டி ஆனது என்பது ஊரில் வழங்கும் கதை. 1903-ல் காமராஜர் பிறந்தபோது ஊரின் பெயர் விருதுபட்டிதான். 1923-ல் அது விருதுநகர் ஆனது.

பெயர்ப் பலகை மாறி நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஆனால், டிக்கெட்டில் ஊரின் சுருக்கெழுத்தைப் பாருங்கள். வி.பி.டி. என்றிருக்கும். நகரில் ‘பி’யும் இல்லை, ‘டி’யும் இல்லை. பட்டியின் எழுத்துகளை ரயில் இன்னும் சுமந்துகொண்டு ஓடுகிறது.

தங்கியதா, தண்காற்றா?

செங்கோட்டை ரயிலில் ஏறினால் சிவகாசிக்கு முன்பாக வருவது திருத்தங்கல். நின்ற நாராயணப் பெருமாள் குன்றின் மேல் நிற்கும் ஊர், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமகள் இங்கே தங்கித் தவம் செய்ததால் திரு + தங்கல் என்று தல வரலாறு சொல்கிறது.

ஆழ்வார் பாசுரத்திலோ இந்தத் தலம் திருத்தண்கால். அதைத் திரு + தண் + கால் என்று பிரிக்க வேண்டும். தண் என்றால் குளிர்ச்சி. கால் என்றால் காற்று. ‘ண்’ என்ற எழுத்தை அடுத்துக் ‘கா’ வந்ததால் நாக்கு சுலபமான வழியைத் தேடி ‘தங்கால்’ என்று சொல்லத் தொடங்கியது. சிலப்பதிகாரத்தின் கட்டுரைக் காதையில் வருகிற ஊரும் தங்கால்தான். சங்கப் புலவர் வரிசையில் தங்கால் பொற்கொல்லனார் என்று ஒருவர் இருக்கிறார். பிறகு நெடில் குறுகி, கால் தேய்ந்து கல் ஆகிவிட்டது.

பெயர் ஒன்றுதான். ஓரிடத்தில் பிரித்தால் தாயார் தங்குகிறார். இன்னோரிடத்தில் பிரித்தால் குளிர்ந்த காற்று வீசுகிறது. வெயில் கொளுத்தும் சித்திரை மாதத்தில் அங்கே இறங்குபவர்கள் இரண்டாவதைத்தான் விரும்புவார்கள்!

சிவகாசியா, சிவக்காசியா?

அடுத்த நிறுத்தம் சிவகாசி. தென்காசியை ஆண்ட பராக்கிரம பாண்டியன் காசியிலிருந்து கொண்டுவந்த லிங்கம், அதைச் சுமந்த பசு மேற்கொண்டு நகர மறுத்ததால், இங்கேயே அமைந்துவிட்டது என்கிறது தல வரலாறு. சிவன் + காசி சேரும்போது ‘ன்’ மறைந்து சிவகாசி ஆகிறது.

வடக்கே கங்கைக்கரைக் காசியைச் சொல்லும்போது ‘கா’ அழுத்தமாக வரும். இங்கே இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டதால் அதே ‘கா’ மென்மையாகி, கங்கையின் மூன்றாவது எழுத்தைப் போல ஒலிக்கிறது. ஆங்கிலப் பலகையைப் படித்து வருகிற வெளியூர்க்காரர்கள் இல்லாத ‘க்’கை நுழைத்து ‘சிவக்காசி’ என்பார்கள். உள்ளூர்க்காரர் காதுக்கு அது உடனே உறுத்தும்.

இதற்குச் சின்ன சூத்திரம் இந்த ஊரின் சரக்கிலேயே இருக்கிறது. தீ + பெட்டி = தீப்பெட்டி; தீ + குச்சி = தீக்குச்சி; தரை + சக்கரம் = தரைச்சக்கரம். நடுவில் புள்ளி வைத்த எழுத்து வந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும். அணுகுண்டில் புள்ளி இல்லை, அதனால் ‘கு’ மெல்ல ஒலிக்கும். சத்தமெல்லாம் திரியில் நெருப்பு வைத்த பிறகுதான். சரம் + வெடி சேரும்போது ‘ம்’ ஓடிவிடும், சரவெடி. ஓலைவெடியில் எதுவுமே மாறாது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் தொழில் உலகம். அது தனக்கென்று ஒரு தமிழையும் வளர்த்தது. தொழிற்சாலையைத் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். ‘மருந்து’ என்றால் காய்ச்சலுக்கு விழுங்குவது என்று நினைத்துவிடக் கூடாது; பட்டாசுக்குள் அடைப்பது.

இடைவெளி செய்யும் வினை

சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்ற தலைவலி நமக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். நார்வே மொழியிலும் சொற்களை ஒட்டிக்கொண்டே போவார்கள். அங்கே ‘புகையில்லாத இடம்’ என்று பொருள்படும் ஒரே சொல்லை நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் ‘தாராளமாகப் புகை பிடி’ என்றாகிவிடும். அப்படி ஒரு பலகையைப் பட்டாசு ஆலை வாசலில் நினைத்துப் பாருங்கள்!

நம்மூரில் தமிழைவிட ஆங்கில எழுத்துக்கூட்டால் வருகிற குழப்பம் அதிகம். அதில் குறில் நெடில் தெரியாது. ‘த’வும் ‘ட’வும் தெரியாது. சாத்து என்றால் வணிகர் கூட்டம். அந்தச் சாத்து வந்து தங்கிய ஊர் என்றும், சாத்தன் பெயரால் அமைந்த ஊர் என்றும் சொல்லப்படும் சாத்தூரை, வடக்கிலிருந்து வருபவர் ‘சட்டூர்’ என்கிறார். அருப்புக்கோட்டையின் கோட்டை, கொட்டையாகிவிடுகிறது. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அறிவித்தது. கோயம்புத்தூருக்கு வந்த புது எழுத்துக்கூட்டைப் பலரும் கேலி செய்தார்கள். சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இலக்கணம் கேட்காத குளம்

சிவகாசியில் ரயிலை விட்டு இறங்கி, பஸ்ஸில் தெற்கே போனால் வெம்பக்கோட்டை. அதன் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளம். 2022 முதல் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தி, சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் வெளியே எடுத்திருக்கிறது. புணர்ச்சி விதிப்படி கரிசல் + குளம், கரிசற்குளம் ஆக வேண்டும். மக்கள் ‘ற்’ வைக்கவில்லை. கரிசல் அவர்கள் காலில் தினமும் ஒட்டுகிற மண். அதன் பெயரை மாற்றிச் சொல்ல மனம் வரவில்லைபோலும்.

இந்தப் பக்கத்துச் சிற்றூர்களின் பெயர்கள் உலகத்துக்குத் தெரிய வருகிற நாட்களும் உண்டு. அவை நல்ல நாட்களாக இருப்பதில்லை. 2012 செப்டம்பர் 5-ல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். வெடியோடு மருந்து சேர்ந்தால் இவர்களுக்குப் பிழைப்பு. வெடியோடு விபத்து சேர்ந்தால் இடி.

அன்றைக்குத் தேசமெங்கும் தொலைக்காட்சிகள் இந்தப் பெயர்களைச் சொல்லின. ஆங்கில எழுத்துகளைப் பார்த்துச் சொன்னால் முதலி முத்தலி ஆகலாம், பட்டியின் ‘ப்’ காணாமல் போகலாம். அச்சங்குளத்தைக் கேட்கும் வெளியூர்க்காரர் அச்சம் + குளம் என்று பிரித்துவிடலாம். இலக்கணத்தில் அதற்கு இடமும் உண்டு. அச்சன் + குளம் சேர்ந்தாலும் அதே அச்சங்குளம்தான். அங்கே வாழ்கிறவர்களுக்கு அது அச்சத்தின் பெயராக இருக்க வேண்டியதில்லை. பிறந்து வளர்ந்து, தண்ணீர் எடுத்த ஊரின் பெயர்.

தீபாவளிக்குச் சரக்கு வாங்க இந்தப் பக்கம் வருகிறவர்கள், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் பக்கத்து டீக்கடையில் கேட்டால் போதும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெல்லச் சொல்ல வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லித் தருவார்கள். கூடவே அந்தப் பெயருக்கு ஒரு கதையும் கிடைக்கும்.