முதலில் தெரிந்தவன்

மலேசியாவில், கோலா பிலாவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக இருந்தேன். தொண்ணூறுகளில் அந்தத் தோட்டம் விலைபோகிறது என்று எங்கள் ஆட்களில் முதலில் அறிந்தவன் நான்தான். கடிதம் என் மேசை வழியாகப் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

"வெளியே தெரியக்கூடாது" என்று மானேஜர் சொன்னது உண்மை. பல வருடம் அதையே காரணமாகச் சொல்லிவந்தேன். நம்பிக்கையான ஆள் என்று பெயரெடுத்து வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்க வேண்டும், அதுதான் உண்மையான காரணம். மாற்றலும் கிடைத்தது.

கிராணி உத்தியோகத்தின் சுகத்தை மறைக்கமாட்டேன். தொழிலாளர் லயத்தைவிட்டுத் தள்ளித் தனி வீடு, பிள்ளைகளுக்கு டவுன் பள்ளிக்கூடம். எந்தப் பாரம் நிரப்பவும் என்னிடம்தான் வருவார்கள். மரியாதையும் உண்டு. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கோரிக்கைகளில் ஒன்று, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கமாட்டோம் என்பது. அந்தப் போராட்டத்தில் சுடப்பட்டுச் செத்தவர்கள் உண்டு. என் காலத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது. ஆனாலும் வயதானவர்கள் சிலர் என்னைக் கண்டால் இறங்குவார்கள். வேண்டாம் என்று நான் ஒருதரம்கூடச் சொன்னதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

தனிமையும் இருந்தது. சங்கம்கூடத் தொழிலாளர்களுக்கு ஒன்று, ஆபீஸ் ஊழியர்களுக்கு ஒன்று. நான் போனால் பேச்சு நின்றுவிடும். அதை என் கஷ்டம் என்று நினைத்தேன். அந்தத் தூரம்தான் எனக்கு வசதியாகவும் இருந்தது. உட்கார்ந்து பேசிப் பழகியவர்களிடம் அவ்வளவு சுலபமாக மறைத்திருக்க முடியாது.

கடிதம் வந்தபிறகு ஒரு நாள், பால் வெட்டும் அம்மா ஒருவர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார்: "போனஸ் காசுல குசினிய இழுத்துக் கட்டலாமுன்னு இருக்கோம், செய்யலாங்களா ஐயா?"

"செய்யும்மா" என்றேன். 'கொஞ்சம் பொறும்மா' என்றிருந்தால் போதும். சிமெண்டுத் தரை போட்டார்கள்.

வேலைநீக்க நோட்டீஸ் வந்ததும் இழப்பீட்டுக் கணக்குப் போட்டவன் நான்தான். 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருடமும் அதற்கு மேலும் உழைத்தவர்களுக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம். ஒரு சென் பிசகாமல் போட்டேன். அந்தக் குசினிக்கு அதில் கணக்கில்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடும். முன்பே தெரிந்திருந்தால் மலிவு வீட்டுக்கு மனுப் போட்டிருப்பார்கள், சங்கத்தை அழைத்திருப்பார்கள். அந்த அவகாசத்தை நான் பறித்துக்கொண்டேன்.

"ஐயாவுக்கே தெரியாம வச்சிட்டாங்களே" என்று நோட்டீஸ் வந்த அன்று எனக்காக வருத்தப்பட்டார் அந்த அம்மா. நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியும் அம்மா, நீங்கள் வந்து கேட்ட அன்றைக்கே தெரியும்.