எண்ணப்படாத பறவைகள்

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளைக் கடந்தவன் நான். கற்பித்தே பழகிவிட்ட என்னை மீண்டும் மாணவனாக்கி அமர வைத்தவை சில பறவைகள் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும். அவை அரிய பறவைகளும் அல்ல; இங்கிலாந்தின் கடற்கரை மாவட்டம் ஒன்றில் வேலிதோறும் கூரைதோறும் காணக்கூடிய சாதாரணப் பறவைகள்.

2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பள்ளியாண்டு முடிந்த விடுமுறையின்போது, நார்விச் நகரில் பணிபுரியும் என் மகளைக் காணச் சென்றிருந்தேன். நார்ஃபோக் மாவட்டத்தின் தலைநகர் நார்விச். இங்கிலாந்தின் கிழக்கே வடகடலை நோக்கிப் புடைத்து நிற்கும் சமவெளி அம்மாவட்டம். மலைகள் இல்லை, வயல்களும் சதுப்பு நிலங்களும் நாணற்காடுகளும் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை விரிந்து கிடக்கின்றன.

முதல் நாள் காலை ஏழு மணிக்கும் இருள் விலகவில்லை. அந்த இருளிலே, தெருவிளக்கின் அருகிலிருந்து ஒரு பறவை பாடியது. சன்னலைத் திறந்து பார்த்தேன். வாழ்த்து அட்டைகளில் மட்டுமே நான் கண்டிருந்த செம்மார்பு ராபின்! உள்ளங்கையில் அடங்கிவிடும் அச்சிறு உயிர், பெரும்பாலான பறவைகள் வாய்மூடிக் கிடக்கும் குளிர்காலத்திலும் பாடுகின்றது. ஆணோடு பெண்ணும் பாடுகின்றது. எத்துணை இனிமை என்று உருகினேன். “அப்பா, அது பாட்டன்று, ‘இது என் எல்லை, உள்ளே வராதே’ என்ற எச்சரிக்கை” என்று மகள் சிரித்தாள்.

அதன்பின் பார்ப்பதிலெல்லாம் எனக்கு ஐயம் பிறந்தது. ‘கரும்பறவை’ என்று பொருள்படும் பிளாக்பேர்டு இனத்தில் ஆண்தான் கருமை, பெண் பழுப்பு. ‘கருந்தலைக் கடற்காகம்’ என அழைக்கப்படும் பறவையின் தலை கோடையிலும் கருமையன்று, காப்பிக்கொட்டை நிறம். குளிர்காலத்திலோ தலை வெளுத்து, கண்ணுக்குப் பின்னே ஒரு கரும்பொட்டு மட்டுமே எஞ்சுகின்றது. பெயரை அறிந்தவுடன் பொருளையும் அறிந்துவிட்டதாகக் கருதுவது ஆசிரியர்க்கு எளிதில் நேரும் பிழை. பயிற்சிக் கல்லூரியிலே, நாரையின் அலகைப் பனங்கிழங்கிற்கு ஒப்பிட்ட சத்திமுத்தப் புலவரின் கண்கூர்மையை வியந்து பக்கம் பக்கமாக எழுதியவன் நான். என் பள்ளித் திடலில் நாள்தோறும் மேயும் மைனாவின் அலகு எத்தகையது என்று ஒருநாளும் உற்று நோக்கியவனல்லன்.

அவ்வார இறுதியில் அண்டை வீட்டு மூதாட்டி எங்களைத் தம் தோட்டத்திற்கு அழைத்தார். பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை அவர். பறவைகள் பாதுகாப்புக்கான அரச கழகம் ஆண்டுதோறும் சனவரி இறுதியில் தோட்டப் பறவைகளை எண்ணும் பணியை நாடெங்கும் நடத்துகின்றது. 1979ஆம் ஆண்டு சிறுவர்களுக்கான குளிர்காலப் பயிற்சியாக அது தொடங்கப்பட்டதாம். விதி எளிது: ஒரு மணி நேரம் அமர வேண்டும், தோட்டத்தில் வந்திறங்கும் பறவைகளை மட்டும் கணக்கிட வேண்டும், ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் அதிகமாகத் தென்பட்ட எண்ணிக்கையையே எழுத வேண்டும். இல்லையெனில் ஒரே குருவியைப் பத்து முறை எண்ணிவிடக்கூடும் அல்லவா?

கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தோம். சிட்டுக்குருவி நான்கு, காட்டுப்புறா இரண்டு, நீலத் தலையுடைய புளூ டிட் இரண்டு, பிளாக்பேர்டு ஒன்று, ராபின் ஒன்று. நம் மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங் ஒன்றுகூட வரவில்லை. “நான் சிறுமியாக இருந்தபோது ஸ்டார்லிங்குகளை யாரும் எண்ணியதில்லை. அத்தனை மிகுதி. இப்போது எண்ணுகிறோம், வருவதில்லை” என்றார் மூதாட்டி. சிறிது நேரம் கழித்து, “சிட்டுக்குருவிதான் இன்றும் பட்டியலில் முதலிடம். ஆனால், கணக்கெடுப்புத் தொடங்கிய காலத்தை நோக்க, பாதிக்குமேல் குறைந்துவிட்டது” என்று சேர்த்துச் சொன்னார். அவ்விரு பறவைகளும் 2002ஆம் ஆண்டு முதல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் இருப்பதைப் பின்னர் அறிந்தேன். வயலில் சிந்திக் கிடந்த தானியம் அருகியதும், கூரை இடுக்குகள் அடைபட்டதும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும் குருவி குறையக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

அமாவாசையை அடுத்துக் கடலேற்றம் உயர்ந்த ஒரு விடியற்காலையில் மகள் என்னை ஸ்னெட்டிஷம் கரைக்கு அழைத்துச் சென்றாள். வாஷ் என்னும் பெருங்குடாவின் சேற்றுவெளி அது. வடதுருவத்தை ஒட்டிய கனடா, கிரீன்லாந்துப் பகுதிகளில் பிறந்து, குளிருக்கு அஞ்சி வந்த நாட் என்னும் உள்ளான் இனப் பறவைகள் அங்கே பல்லாயிரக்கணக்கில் கூடியிருந்தன. நீர் ஏற ஏறச் சேறு சுருங்கிற்று. திடீரென அத்தனையும் ஒருசேர எழுந்தன. புகைமண்டலம் போல் திரண்டும் விரிந்தும் திரும்பின. திரும்பும்போதெல்லாம் வானம் ஒரு கணம் வெளுத்து மறுகணம் கறுத்தது. தொலைநோக்கியோடு நின்ற கூட்டம் ஆரவாரித்தது. நானும் மெய்ம்மறந்தேன்.

திரும்பும் வழியில் நாணற்காட்டின்மேல் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்தது. 1971ஆம் ஆண்டில் பிரிட்டன் முழுவதிலும் கூடு கட்டிய இணை ஒன்றே ஒன்றுதான்; அதுவும் அண்டை மாவட்டமாகிய சஃபோக்கில் இருந்தது. அந்த ஓர் இணையை அறிந்தோர் பலர். நச்சுப் பூச்சிக்கொல்லிகள் தடை செய்யப்பட்டன, நாணற்காடுகள் காக்கப்பட்டன, இன்று நூற்றுக்கணக்கான இணைகள் வாழ்கின்றன.

அரிதான பருந்துக்குக் காவலர் கிடைத்தனர். ஆயிரமாயிரமாய்த் திரண்ட உள்ளானுக்குப் பார்வையாளர் கிடைத்தனர். வாசலில் நின்ற குருவியோ, எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே பாதியாகத் தேய்ந்தது. அந்த எண்ணம் எழுந்தபோது, நான் மறக்க முயன்ற ஒரு முகம் நினைவில் எழுந்தது. முகம் என்று சொல்வதும் பொய். முகமே நினைவில் இல்லாத ஒரு மாணவன் அவன்.

முந்தைய ஆண்டில் ஒரு தாய் மகனுக்கு மாற்றுக் கடிதம் வேண்டி என் அறைக்கு வந்தார். “எந்தப் பையன் அம்மா?” என்று கேட்டேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்தார். “ஐயா, நான்கு ஆண்டாக அவன் இங்கேதான் படிக்கிறான்” என்றார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். ஒருநாளும் தவறாமல் வந்திருக்கிறான். பரிசும் பெற்றதில்லை, பிரம்படியும் பெற்றதில்லை. முதல் மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை நான் அறிவேன். குறும்பு செய்த பிள்ளைகளையும் அறிவேன். இவ்விரண்டிலும் சேராமல் நடுவரிசையில் அமர்ந்திருந்த பிள்ளை, நான் பாராமலே வந்து பாராமலே போய்விட்டான்.

நாடு திரும்பிப் புதிய பள்ளியாண்டு தொடங்கியதும் ஒரு பழக்கத்தை மேற்கொண்டேன். நாள்தோறும் பதிவேட்டிலிருந்து ஐந்து பெயர்களை எடுத்துக்கொள்வேன். புகழோ புகாரோ என் செவிக்கு எட்டாத பெயர்கள். ஓய்வு நேரத்தில் அப்பிள்ளைகளைத் தேடிச் சென்று இரண்டு சொல் பேசுவேன். வெள்ளிதோறும் ஐந்தாம் ஆண்டு மாணவர் திடலோரம் அமர்ந்து பறவைகளை எண்ணுகின்றனர். “மைனாவையும் எண்ண வேண்டுமா ஐயா? அது நிறைய இருக்கிறதே!” என்று முதல் வாரத்தில் ஒரு மாணவி கேட்டாள்.

“நிறைய இருக்கும்போதே எண்ணிவிடு அம்மா” என்றேன்.