மச்சானின் பொனட்டும் தம்பி வாங்கிய பொலிஷ் மெஷினும்



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்களும், வாகனம் கழுவும் தொழிலில் இறங்க நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளும் பொறுமையாக வாசித்தால் சந்தோஷம்.

போன தவணை விடுமுறையில் என்னிடம் ஓ.எல். வரை விஞ்ஞானம் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தான். ஆறு வருஷம் டோஹாவில் வாகனம் கழுவி, பொலிஷ் செய்யும் இடத்தில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டான். வாப்பா கடல் தொழில். இனித் திரும்பிப் போக விருப்பமில்லை, வீட்டோடு ஒரு தகரக் கொட்டில் போட்டு இதே வேலையைச் செய்யப் போகிறேன் என்றான்.

“சேர், மறுகா ஒரு விஷயம் கேக்கணும். பழைய ரோட்டரி மெஷின் ஒண்டு மலிவா இரிக்கி. எடுக்கவா? நாளைக்கு மூணு வாகனம் முடிக்கலாம்.”

நான் ஒன்றும் பேசவில்லை. அறைக்குள் போய் கட்டிலுக்குக் கீழே கிடந்த பெட்டியை இழுத்து வந்து அவன் முன்னால் வைத்தேன். 2019இல் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான் வாங்கிய ரோட்டரி. இரண்டே இரண்டு தடவைதான் ஓடியது. அந்த இரண்டாவது தடவையின் கதையைத்தான் அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அப்போது எனக்கு வாகனம் மினுக்கும் பைத்தியம். யூடியூப்பில் நாலு வீடியோ பார்த்த தைரியம் வேறு. மச்சானிடம் ஒரு கறுப்புக் கார் இருந்தது. குடும்பத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளையை அந்தக் காரில்தான் கொண்டுபோவதாக ஏற்பாடு. “நான் பளபளக்க வைத்துத் தாறன்” என்று நானேதான் கேட்டு வாங்கினேன். பொனட்டின் நடுப்பகுதி நன்றாக வந்தது. ஓரத்தில் மடிந்து இறங்கும் கோட்டுக்கு வந்தபோது மெஷினை ஒரு கணம் நிறுத்தி வைத்திருப்பேன், அவ்வளவுதான். ஐந்து ரூபாக் குற்றி அளவுக்குக் கறுப்புப் போய், கீழே இருந்த சாம்பல் நிறப் பிரைமர் தெரிந்தது.

மச்சான் பார்த்தார். “பரவாயில்ல, அடிச்சுக்கலாம்” என்றார். பொனட் முழுவதும் திரும்பப் பெயின்ட் அடிக்கப்பட்டது. காசு நான் கொடுத்தேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. 2022இல் நாடு கிடந்த கிடையில் மச்சானுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டுக் காரை விற்க வைத்தார். வாங்க வந்தவர் கையில் பெயின்ட் தடிப்பு அளக்கும் சின்ன மீற்றர். கூரையில் வைத்தார், 110. கதவில் வைத்தார், 120. பொனட்டில் வைத்தார், 290. “இது முன்னால அடிபட்ட வாகனம்” என்றார். மச்சான் நடந்ததைச் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் சொன்னேன். அந்த மனிதர் சிரித்தார். விற்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் கதை என்று அவர் நினைத்திருப்பார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மச்சான் வேறு வழியில்லாமல் விலையைக் குறைத்துக் கொடுத்தார். எனது அந்த ஒரு கணத்தின் விலையை அவர்தான் கொடுத்தார். அதன்பிறகு எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. ஆனால் அவருடைய எந்த வாகனத்தையும் தொடச் சொல்லி என்னிடம் அவர் கேட்கவுமில்லை.

இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “அப்ப எந்த மெஷின் சேர்?” என்றான்.

இனிக் கொஞ்சம் பாடம். மன்னிக்கவும், வாத்தியார் பழக்கம்.

வாகனத்தின் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படை இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பெரும்பாலான வாகனங்களில் அதன் தடிப்பு 40 முதல் 50 மைக்ரோன் வரைதான். ஒரு மில்லிமீற்றரில் 1000 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரோன். அதாவது மயிரை விடவும் மெல்லிய படைதான் அந்த மினுக்கம் முழுவதும். பொலிஷ் செய்வது என்றால் அழுக்கை எடுப்பதில்லை, இந்தப் படையையே கொஞ்சம் தேய்த்து, கீறலின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருவது. ஒவ்வொரு தடவையும் சில மைக்ரோன் போகும். போனது திரும்பி வராது.

ரோட்டரி ஒரே அச்சில் சுற்றும். 180 மில்லிமீற்றர் விட்டமுள்ள பேட் நிமிடத்துக்கு 2000 தடவை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 68 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. பாடசாலை விடுகிற நேரம் கல்முனைப் பெரிய வீதியில் யாரும் ஓட முடியாத வேகம். அந்த வேகம் ஒரே இடத்தில் உரசினால் சூடு ஏறும். மடிப்புகளிலும் விளிம்புகளிலும் பெயின்ட் மெல்லியது, தொடும் பரப்பும் சிறியது. அங்கேதான் எரியும். எனக்கு எரிந்ததும் அங்கேதான்.

டுவல் அக்‌ஷன் மெஷினுக்கு இரண்டு அசைவு. பூமியை நினைத்துக்கொள்ளுங்கள்: தன்னைத் தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது. இந்த மெஷினின் தட்டு நடு அச்சிலிருந்து சற்று விலகிப் பொருத்தப்பட்டிருக்கும். அது சின்ன வட்டமாக ஆடிக்கொண்டே தானும் சுழலும். 15 மில்லிமீற்றர் வட்டத்தில் நிமிடத்துக்கு 4000 தடவை ஆடினாலும் அந்த ஆட்டத்தின் வேகம் மணிக்கு 11 கிலோமீற்றர்தான். உரசல் ஒரே பாதையில் போகாமல் சிதறுகிறது, சூடு குறைகிறது, ரோட்டரி விட்டுப் போகும் வட்டத் தழும்புகளும் குறைகின்றன.

அதிலும் முக்கியமானது, சாதாரண டுவல் அக்‌ஷனில் தட்டின் சுழற்சியை மோட்டார் நேரடியாகப் பிடித்துச் சுற்றுவதில்லை. ஆட்டத்தின் இழுவையில் அது தானாகச் சுழல்கிறது. நீங்கள் அளவுக்கு மீறி அழுத்தினால், அல்லது விளிம்பில் சரித்து வைத்தால், சுழற்சி நின்றுவிடும். வெட்டும் பலமும் அதோடு குறையும். “இந்த மெஷின் சுத்தாம நிக்கிது” என்று சிலர் குறை சொல்வார்கள். படிக்கிறவனுக்கு அதுதான் காவல்.

நம்பிக்கை வரவில்லை அவனுக்கு. தெரிந்த கராஜ் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட பொனட் ஒன்றை எடுத்து வந்தோம். சிநேகிதர் ஒருவரின் டுவல் அக்‌ஷனை இரவல் வாங்கினோம். தட்டின் பக்கத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டோம், சுழல்கிறதா நிற்கிறதா என்று பார்க்க. அழுத்தச் சொன்னேன். கோடு நின்றது. கையை லேசாக்கினான், கோடு மறைந்து சுழன்றது. பிறகு ரோட்டரியை விளிம்பில் வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பிரைமர் தெரிந்தது. அவன் மெஷினை நிறுத்திவிட்டு, “விளங்கிட்டு சேர்” என்றான்.

ரோட்டரி கெட்ட மெஷின் இல்லை. பல வருஷம் கை பழகியவர்கள் அதில் அழகாக வேலை செய்கிறார்கள், வேகமாகவும் முடிக்கிறார்கள். தொழில் தொடங்குகிறவனுக்கு, அதுவும் அடுத்தவரின் வாகனத்தில் கை வைக்கிறவனுக்கு, அது முதல் மெஷின் இல்லை என்பதுதான் என் கருத்து.

டுவல் அக்‌ஷன் என்று முடிவெடுத்த பிறகும் கேள்விகள் இருக்கின்றன. நாங்கள் பேசி முடிவெடுத்த விதம் இது.

வீச்சு. 8, 15, 21 மில்லிமீற்றர் என்று வரும். வீச்சுக் கூடினால் பெரிய சமமான இடத்தில் வேலை சீக்கிரம் முடியும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி இந்தப் பெரிய வீச்சு மெஷின்களால்தான் பேர் வாங்கியது. ஆனால் நம்மூரில் ஓடுவது அதிகமும் அல்டோ, வெகன் ஆர், விட்ஸ். சின்ன உடம்பு, வளைவு கூட. பெரிய வீச்சும் பெரிய பேடும் வளைவில் அடிக்கடி நின்றுவிடும். 15 மில்லிமீற்றர் வீச்சும் 5 அங்குலத் தட்டும் போதும் என்று முடிவெடுத்தோம்.

பல்லுச்சக்கரம் வைத்துத் தட்டைக் கட்டாயமாகச் சுழற்றும் வகையும் உண்டு. ஜேர்மனியின் ஃப்ளெக்ஸ் கம்பெனி மெஷின் ஒன்று அதில் பிரபலம். வளைவிலும் நிற்காது, வெட்டும் நன்றாக. ஆனால் அழுத்தினாலும் நிற்காது என்பதால் அந்தக் காவல் இதில் இல்லை. அதைப் பின்னால் பார்க்கலாம் என்று விட்டோம்.

வோல்ட். வெளிநாட்டிலிருந்து மச்சான், காக்கா மூலம் மெஷின் எடுப்பிக்கிறவர்கள் கவனியுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட். அமெரிக்க மெஷின் 120 வோல்ட். நேரே குத்தினால் புகைதான் வரும். மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு அனுப்புங்கள்.

உதிரிப்பாகம். கார்பன் பிரஷ் தேயும், தட்டின் வெல்க்ரோ சூட்டில் கழன்றுபோகும். இவை இரண்டும் இலங்கையில் கிடைக்காத மெஷின் எவ்வளவு நல்லதானாலும் ஒரு வருஷத்தில் இரும்புதான்.

கடைசியாக, பணம் முழுவதையும் மெஷினில் போடக்கூடாது. அவன் கையில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தது. நடுத்தர விலையில் ஒரு மெஷின். மிச்சத்தில் வெட்டுவதற்கும் முடிப்பதற்கும் வேறு வேறு பேட்கள், இரண்டு வகைக் கொம்பவுண்ட், நல்ல மைக்ரோஃபைபர் துணி, விளிம்புகளை மூட மாஸ்கிங் டேப், ஒரு தடிப்பு மீற்றர். கடைசிச் சாமானுக்கு அவன் முகம் சுளித்தான். நான் விடவில்லை. மச்சானின் காரை விலை குறைத்த அதே மீற்றர்தான். ஆனால் ஒன்று, அது முழுப் பெயின்டையும் சேர்த்துத்தான் அளக்கும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரிலும் வேலை செய்யாது. எச்சரிக்கைக்கு மட்டும் உதவும்.

வாகனம் வைத்திருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை. கடற்கரை ஊர் நமக்கு. உப்புப் படியும், மணல் படியும். அதைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் வெயிலில் தெரியும் சிலந்திவலைக் கீறல்களுக்கு முதல் காரணம். முதலில் தண்ணீர் அடித்து மணலை இறக்குங்கள், பிறகு ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். இப்படிக் கழுவினால் ஒவ்வொரு பெருநாளைக்கும் பொலிஷ் தேவைப்படாது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்துவிட்டது உண்மை. ஆனால் வரியோடு வரும் புது வாகன விலையை நம் சம்பளம் எட்டிப் பார்க்காது. இருக்கிற வாகனத்தின் இருக்கிற மைக்ரோன்தான் நமக்கு.

தம்பி கொட்டிலைத் திறந்து இரண்டு மாதம். முதல் வாரம் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்து, கதவில் நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறலைக் காட்டி, “இது முழுக்கப் போகணும்” என்றாராம். அவன் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, “இது முழுக்கப் போனா மேல உள்ள படையும் போயிரும் காக்கா. மங்கலாக்கித் தாறன், காசக் குறைச்சுத் தாங்க” என்றிருக்கிறான். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். அன்றிரவு எனக்குப் போன் எடுத்துக் கவலைப்பட்டான். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். நாலு நாளில் அவரே திரும்பி வந்தார். வேறு ஓர் இடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறார், அங்கேயும் அதையேதான் சொன்னார்களாம்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வரும்போது மச்சான் கூப்பிட்டார். இப்போது அவரிடம் ஒரு பழைய வேன். “அந்தப் பொடியன்ட கொட்டில் எங்க இரிக்கி?” என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போனேன். தம்பி வேனைச் சுற்றி வந்து, ஒவ்வொரு பக்கமும் மீற்றரை வைத்து, எண்களை ஒரு கொப்பியில் எழுதி மச்சானுக்குக் காட்டினான். மச்சான் அதை நிதானமாகப் பார்த்துவிட்டுச் சாவியை அவன் கையில் கொடுத்தார்.

என்னைப் பார்த்து, “நீங்க பக்கத்துல நில்லுங்க மச்சான், தொட வேணாம்” என்றார்.

ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த விஷயத்தை வைத்து நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிழை இருந்தால் தொழில் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.