பள்ளிக்கூடத்துக்கு வந்த அசல் ஓவியங்கள்

நேன் யங்மன் என்ற பெயரை நம் பக்கம் அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர், அவரும் ஓவியர்தான். பிறகு கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கலைக்கல்வி ஆலோசகரானார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் ரேஷன் முடியாத 1947இல், லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ‘பிக்சர்ஸ் ஃபார் ஸ்கூல்ஸ்’ கண்காட்சியைத் தொடங்கினார். வாழும் ஓவியர்களின் அசல் படைப்புகளைக் கட்டுப்படியாகும் விலைக்குக் கல்வித்துறைகள் வாங்கிப் பள்ளிகளில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். சோற்றுக்கே அளவு பார்த்த காலத்தில் ஓவியம் வாங்கப் பணம் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும்!

அச்சுப்படம் போதும் என்று அவர் விடவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. தூரிகை இழுத்த தடமும் சாயத்தின் தடிப்பும் அச்சில் வராது. பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள், அழுக்காக்கிவிடுவார்கள் என்று நம்மூர் அலுவலகமாக இருந்தால் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கும். கேம்பிரிட்ஜ்ஷயர் பள்ளிகளுக்கான தொகுப்பிலோ புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் எல்.எஸ். லவுரியின் ஓவியமே இருந்தது.

கண்காட்சிகள் 1969 வரை நடந்தன. பின்னாளில் சில மாவட்டங்கள் தங்கள் தொகுப்புகளை விற்றன. ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் தன் தொகுப்பின் ஒரு பகுதியை 2019இல் ஏலம் விட்டது. என்ன காரணம் சொன்னாலும், பிள்ளைகளுக்கென வாங்கியதை விற்றது அநியாயம்.

நீங்கள் படித்த பள்ளியில் காலண்டர் படமோ தலைவர் படமோ அல்லாத, ஓர் ஓவியர் கையால் வரைந்த அசல் ஓவியம் ஏதாவது மாட்டியிருந்ததா? இருந்தால் ஊர் பெயரோடு எழுதுங்கள்.